ஆளில்லாத வீடு என்று எழுதியவர்

எங்கள் சங்கத்தில் ரைட்டர் என்றால், கூட்டக் குறிப்பு எழுதுகிற அந்த ஒருவர்தான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. உறுப்பினர் பட்டியலில் அவர் கையாலேயே எழுதி வைத்திருந்தார், நாங்கள் யாரும் அதைப் படித்ததில்லை. ஒன்பது வருஷம் நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி. நான் தையற்கடைக்காரி என்பதால் என் கண் முதலில் சட்டையில்தான் போய் நிற்கும். அவர் சட்டையில் எந்தப் பொத்தான் மாற்றுப் பொத்தான் என்று எனக்குத் தெரியும். அவர் வீடு எது என்று மட்டும் தெரியாது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இதைவிட வெட்கப்பட வேண்டியது பின்னால் வருகிறது, அதனால் சின்னதை முதலில் சொல்லி முடித்துவிட்டேன்.

நான்கு தெரு, நூற்று அறுபது சொச்சம் வீடு, ஒரு குடியிருப்போர் சங்கம். மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்கு, பழைய தபால் நிலையக் கட்டடத்தின் பின்னறையில் கூடுவோம். தலைவர் டிரைவர் அண்ணன். முப்பது வருஷம் பேருந்து ஓட்டியவர், கூட்டத்தையும் அப்படியே ஓட்டுவார். நான்கு மணி தாண்டி யாராவது தலையை நீட்டினால், "அடுத்த வண்டியில வாங்க" என்பார். நீளமாகப் பேசுகிறவர்களை "இறங்குற இடம் வந்தாச்சு" என்று உட்கார வைப்பார். என்னைத்தான் அதிகம் உட்கார வைத்திருக்கிறார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை நான் மறைப்பதில்லை.

வாசலில் ஒரு தகரப் பெட்டி தொங்கும். குறை இருப்பவர்கள் சீட்டு எழுதி அதில் போட வேண்டும். சீட்டைப் படிக்கும்போது யார் பெயரும் வரக் கூடாது, கதவு எண்ணும் வரக் கூடாது. முதல் வருஷம் ஒரு சாக்கடைத் தகராறில் பெயரைப் படித்துவிட்டோம். அன்றைக்கு மூன்று நாற்காலி உடைந்தது. அதிலிருந்து "இரண்டாம் தெருவில் ஒரு வீடு", "மின்மாற்றிக்கு எதிரே ஒரு வீடு" என்றுதான் படிப்பது. விவரம் தெரிந்தவர்கள் எழுந்து சொல்ல வேண்டும். அப்புறம் இரண்டு பேர் நேரில் போய்ப் பார்ப்பார்கள், ரைட்டர் கூடப் போய் எழுதிக்கொள்வார். எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்றால் நேரில் போவதும் கிடையாது, கையைத் தூக்கி முடித்துவிடுவோம். நாய், குப்பை, குழாய், அதிகாலையில் மிக்சி ஓட்டுகிற மாடிவீடு, எல்லாம் இப்படித்தான் தீர்ந்தன. பெருமையாகத்தான் இருந்தது.

ரைட்டர் மட்டும் பேச மாட்டார். இது நாங்கள் போட்ட விதி இல்லை. முதல் கூட்டத்திலேயே அவர் தாமாகச் சொன்னது: "எழுதுறவன் பேசக் கூடாது. பேசினா எழுத்து ஒரு பக்கமா சாஞ்சுடும்." அவர் கையும் தூக்க மாட்டார். கூட்டம் முடிவில் எழுதியதை ஒரு தடவை வாசிப்பார், "மறுப்பு உண்டா?" என்று கேட்பார், மனத்துக்குள் ஐந்து எண்ணுவார், மூடிவிடுவார். ஒன்பது வருஷத்தில் அந்த அறையில் அவர் சொந்தமாகச் சொன்ன வார்த்தைகளை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம்.

அவருக்கு அது பழக்கம். நீதிமன்றத்தில் முப்பத்தொரு வருஷம் தட்டச்சராக இருந்தவர். சாட்சி சொல்வதைச் சொன்னபடி அடிக்க வேண்டும். சாட்சி அழுதால் "சாட்சி அழுகிறார்" என்று அடிக்க வேண்டும், தட்டச்சர் அழக் கூடாது. வீட்டில் அதற்கு நேர்மாறு. அவர் மனைவி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். நாள் முழுக்கப் பேசிவிட்டு வந்து, வீட்டிலும் மூச்சு விடாமல் பேசுவாராம். "அவ பேசி முடிக்கவும் நான் சாப்பிட்டு முடிக்கவும் சரியா இருக்கும்" என்று பிற்பாடு ஒரு நாள் என்னிடம் சொன்னார். குழந்தை கிடையாது. சங்கம் தொடங்கி இரண்டாம் வருஷம் அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது இரண்டாம் தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். நாங்கள் எல்லோரும் போனோம், ஒரு மணி நேரம் நின்றோம். அடுத்த கூட்டத்துக்கு அவர் பேனாவும் கையுமாக வந்துவிட்டார். வந்துவிட்டாரே, தேறிவிட்டார் என்று நாங்களாகவே தீர்மானம் போட்டுக்கொண்டோம்.

ஒரு வருஷம் கழித்து வீட்டுக்காரர் இடத்தைக் கேட்டார். அந்தச் சமயம் ரைட்டரின் அக்கா, நான்காம் தெருவில் இருந்த தன் வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு இருக்கக் கண்காணாத ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "நீ போய் இரு. ஆளில்லாத வீடுன்னு யாரும் சொல்லிடக் கூடாது" என்று சாவியைக் கொடுத்தார். ரைட்டர் ஒரு தள்ளுவண்டி பிடித்து, ஒரே நடையில், ஒரு வேலைநாள் காலையில் குடிபோனார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தோம்.

அவர் குடியிருந்த விதத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது யாருக்கும் நம்பும்படி இருக்காது. முன்னறையில் அக்காவின் சாமான்கள் துணி போர்த்திக் கிடந்தன. "அதை அப்படியே விட்டுடு" என்று அக்கா சொல்லியிருந்தார், இவர் அந்தப் பக்கமே போகவில்லை. முன்கேட் துருப்பிடித்து இறுகிவிட்டது. பின்னறை, சமையலறை, பின்வாசல், அதற்கு வெளியே ஒரு சந்து, அவ்வளவுதான் அவர் புழக்கம். சந்து போய்ச் சேருவது மூன்றாம் தெருவில். ஆகவே அவர் எப்போதும் மூன்றாம் தெருவிலிருந்து வருவதாகத்தான் எங்கள் கண்ணில் படுவார். முன்பக்க மரம் தெருவிளக்கை விழுங்கியிருந்தது. "மரத்துல கை வைக்காதே" என்று அக்கா என்றைக்கோ சொன்னதால் அவர் கை வைக்கவில்லை. கடிதப்பெட்டியில் அக்கா பெயருக்கு வந்தவை பிதுங்கிக் கிடந்தன. அடுத்தவர் கடிதத்தைத் தொடுகிற ஆள் அவர் இல்லை. இப்படி ஒரு மனிதர் இருந்தால் கோபம் வருமா வராதா? எனக்கு வருகிறது.

இனி அந்தக் கூட்டம். எட்டு மாதம் முன்பு அந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடும்பம் குடிவந்தது. அந்தப் பெண்ணின் சீட்டைத்தான் தலைவர் படித்தார். நான்காம் தெருவில் மரம் அடைந்த ஒரு வீடு, முன்பக்கக் குழாய் உடைந்து மாதக்கணக்கில் தண்ணீர் தேங்குகிறது, கொசு, எலி, விளக்கு தெரியவில்லை. அந்தப் பெண் எழுந்து நின்றாள். "மூணு மாசமா என் பொண்ணுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் சார். டாக்டர் கொசுன்னு சொல்றாரு. எத்தனை தடவை முன்கேட்டைத் தட்டினேன், யாரும் வரல" என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தண்ணீர் ஒழுகுவது ரைட்டருக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"அந்த வீட்டுல யாரு இருக்கா?" என்று தலைவர் கேட்டார்.

பேப்பர் போடுகிறவர், "நான் அங்க பேப்பர் போடுறதில்ல" என்றார். பால்கடைக்காரர், "நான் பால் போடுறதில்ல" என்றார். எலக்ட்ரீஷியன் தம்பி, "வெளி பல்பு எரிஞ்சு நான் பார்த்ததே இல்ல" என்றான். இதற்குமேல் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எழுந்தேன்.

"தினம் ரெண்டு தடவை அந்தத் தெரு வழியாத்தான் கடைக்குப் போறேன் வரேன். ஆறு வருஷமா ஒரு ஈ காக்கா அங்க இல்ல. நான் அடிச்சுச் சொல்றேன், அது ஆளில்லாத வீடு."

பக்கத்தில் பேனா நின்றது. ரைட்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வேகமாகப் பேசினால் அவர் அப்படிப் பார்ப்பது வழக்கம், திரும்பச் சொல்லுங்கள் என்று அர்த்தம். ஆகவே அவர் வசதிக்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "ஆள். இல்லாத. வீடு. எழுதிக்கோங்க சார்."

அவர் எழுதிக்கொண்டார்.

எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே, நேரில் பார்க்க வேண்டியதில்லை என்று கைகள் உயர்ந்தன. கிளையை வெட்டச் சொல்லி ஒரு கடிதம், தண்ணீர் இணைப்பை மூடச் சொல்லி ஒரு கடிதம். ரைட்டர் வாசித்தார், "மறுப்பு உண்டா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் ஐந்தோடு நிறுத்தவில்லை. இருபது, முப்பதுகூட எண்ணியிருப்பார். வாசிப்புக் கண்ணாடி வழியாக ஒவ்வொருவராகப் பார்த்தார். மனிதருக்கு மறதி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். "இறங்குற இடம் வந்தாச்சு சார்" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தோம், கலைந்தோம்.

மறுநாள் இரண்டு கடிதங்களையும் அவர்தான் எழுதினார், வழக்கம்போல அடித்தல் திருத்தல் இல்லாமல். தலைவரிடம் கையெழுத்து வாங்கி, தாமே நடந்து போய்க் கொடுத்தார். தண்ணீர் அலுவலகத்தில் எங்கள் சங்கத்துக் கடிதத்துக்கு மறுபேச்சு கிடையாது. ஒன்பது வருஷமாக அதில் ஒரு தப்பு வந்ததில்லை என்ற மரியாதை. அந்த மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்ததே அவர் பேனாதான். புதன்கிழமை ஆட்கள் வந்து, தெருவில் இருந்த வால்வை மூடிவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை கிளைகள் இறங்கின. விளக்கு வெளியே வந்தது, தேங்கிய தண்ணீர் வற்றியது. பக்கத்து வீட்டுப் பெண் என் கடைக்கே வந்து, "பாப்பாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல் இல்லக்கா" என்றாள். நான் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "நம்ம சங்கம் சொன்னா நடக்கும்மா" என்றேன். அவ்வளவு பெருமை.

அந்த நேரத்தில் அறுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர், தினம் விடிந்தும் விடியாமலும், சந்துமுனைப் பொதுக்குழாயில் இரண்டு வாளி தண்ணீர் பிடித்து, நான்கு இடத்தில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, வீட்டுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். பதிமூன்று நாள்.

பதிமூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை. மாலை ஐந்தரை இருக்கும். அதே பெண் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அக்கா, அந்த வீட்டுக்குள்ள ஆள் இருக்கு. முன்னறை ஜன்னல்ல பார்த்தேன். ஒரு ஆம்பள, முகம் தெரியல, நாற்காலியில உட்கார்ந்திருக்கான்."

கடையை அப்படியே போட்டுவிட்டுத் தலைவர் வீட்டுக்குப் போனேன். எலக்ட்ரீஷியன் தம்பி ஒரு கழியைத் தூக்கிக்கொண்டு சேர்ந்துகொண்டான். தலைவர் ஓட்டுநர் புத்தியோடு நிதானமாகச் சொன்னார். "எடுத்தோம் கவிழ்த்தோம்னு போகக் கூடாது. ரைட்டரைக் கூப்பிடு. நாளைக்கு போலீஸ் கேட்டா எழுதினது வேணும்."

ரைட்டரிடம் கைபேசி இல்லை. தலைவர் வைத்திருந்த பழைய வீட்டு எண்ணை அடித்தோம், அப்படி ஓர் எண்ணே இல்லை என்று வந்தது. இரண்டாம் தெருவுக்குப் போனோம். வீட்டுக்காரர் பனியனோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"ரைட்டரா? அவர் காலி பண்ணி ஆறு வருஷமாச்சே."

"எங்க போனாரு?"

"நான் கேக்கலீங்க."

திருடனைப் பிடிக்கப் போகிற அவசரத்திலும் மூன்று பேரும் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டோம். பட்டியலைப் பார்க்கலாம் என்றால் பட்டியல் நோட்டு அவரிடம்தான் இருக்கிறது. நூற்று அறுபது வீட்டு விலாசமும் அவரிடம், அவர் விலாசமும் அவரிடம். தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னய்யா மனுஷர் இவரு, சொல்லாம கொள்ளாம" என்றார். நானும் தலையை ஆட்டினேன். தப்பு அவர் பேரில் இருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

பொழுது சாய்வதற்குள் போய்விடலாம் என்று அவர் இல்லாமலே போனோம். முன்கேட் அசையவில்லை. சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் பின்வாசலுக்கு வந்தோம். தம்பி கழியால் கதவைத் தட்டி, "யாரு உள்ள? மரியாதையா வெளிய வந்துடு" என்று அதட்டினான்.

கதவு திறந்தது. இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் ஏற்றிய கண்ணாடி. "வாங்க" என்றார் ரைட்டர்.

தம்பி கழியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். தலைவருக்கு அப்போதும் புரியவில்லை. எங்களுக்கு முன்னாலேயே எழுத வந்து நிற்கிறார் என்றே நினைத்துவிட்டார். "சார், உங்களைத்தான் ஊரெல்லாம் தேடிக்கிட்டு இருக்கோம். நீங்க எப்ப இங்க வந்தீங்க?" என்று கேட்டார்.

"ஆறு வருஷமாச்சு" என்றார் ரைட்டர்.

அவர் ஒதுங்கி வழிவிட்டார், உள்ளே போனோம். சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, மேசையில் எங்கள் சங்கத்து நோட்டுகள் வருஷவாரியாக. நாற்காலி ஒன்றே ஒன்று. அதை முன்னறையில் போட்டிருந்தார். கிளை வெட்டிய பிறகு அங்கே வெளிச்சம் விழுகிறதாம், போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஆறு வருஷத்தில் முதல் தடவை அங்கே உட்கார்ந்தார், உடனே மாட்டிக்கொண்டார். நாற்காலியைத் தூக்கி வந்து தலைவருக்குப் போட்டார். தலைவர் எனக்குத் தள்ளினார். நான் உட்காரவில்லை. கடைசியில் நான்கு பேரும் நின்றோம், நாற்காலி நடுவில் காலியாக இருந்தது.

தேநீர் வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. டம்ளரும் ஒன்றுதான். முதலில் தலைவருக்குக் கொடுத்தார். அவர் குடித்ததும் வாங்கி, வாளியிலிருந்து அரைக் குவளை தண்ணீர் எடுத்து, விரலை உள்ளே விட்டுச் சுழற்றிக் கழுவி, தம்பிக்கு ஊற்றினார். மறுபடியும் அரைக் குவளை, மறுபடியும் கழுவல், அப்புறம் எனக்கு. தண்ணீரைச் சிந்தாமல், அளந்து. அந்த வாளி எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஏன் சார் சொல்லல?" என்று நான் கேட்டேன். கொஞ்சம் சண்டை போடுகிற மாதிரியே கேட்டேன். அழுகை வந்தால் எனக்கு அப்படித்தான் வரும். "ஒரு வார்த்தை, 'அது என் வீடு'ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே. பேசக் கூடாதுன்னு நீங்க போட்ட விதி உங்க வீட்டுக்குமா?"

அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "விதிதான் முதல்ல நினைவுக்கு வந்துச்சு. அப்புறம், யாராவது ஒருத்தர் சொல்வாங்கன்னு பார்த்தேன். 'அங்கதானே நம்ம ரைட்டர் இருக்காரு'ன்னு. ஒருத்தர் சொன்னா போதும், நான் எழுதிக்குவேன். மறுப்பு உண்டான்னு கேட்டுட்டுக்கூடப் பார்த்தேன்." டம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தார். "நாலு சாட்சி சொல்லியாச்சு. எதிர்ச்சாட்சி இல்ல. நீங்க வேற அடிச்சுச் சொன்னீங்க. ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா, நான் அங்கதான் இருக்கேனான்னு."

அவர் வேடிக்கையாகச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை.

மறுநாள் காலை அவரை அழைத்துக்கொண்டு நானே தண்ணீர் அலுவலகம் போனேன். இணைப்பைத் திறக்க ஒரு படிவம். வீடு அவர் பெயரில் இல்லாததால், அவர் அங்கே குடியிருக்கிறார் என்று அந்த வட்டாரத்தவர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை நான்தான் பிடுங்கிக்கொண்டேன். பெயர், தொழில், விலாசம், எல்லாம் மளமளவென்று எழுதினேன். அதற்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது: இவர் இந்த முகவரியில் வசிப்பதை எவ்வளவு காலமாக அறிவீர்கள்?

"ஆறு வருடம்" என்று எழுதினேன்.

அவர் எதிரே நின்று, தலைகீழாகவே படித்துவிட்டார். "அம்மா, அது அப்படி இல்லயே" என்றார்.

"விடுங்க சார், வேலை ஆகட்டும்."

"இந்த மாசக் கூட்டத்துல நீங்க வேற சொல்லியிருக்கீங்க. அதுவும் எழுத்துல இருக்கு, இதுவும் எழுத்துல இருக்கும். எதுக்கு உங்களுக்குப் பொய்ச்சாட்சி?" என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதருக்கு என்மேல் ஒரு துளி கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடித்தேன். அடித்ததற்கு மேலே உண்மையை எழுதினேன். கவுன்டரில் இருந்த பெண் படிவத்தை வாங்கி, வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி வாய்விட்டுப் படித்தாள். "எவ்வளவு காலமாக அறிவீர்கள்... நேற்று முதல்." தலையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "நேத்துதான் தெரியுமா? நீங்க அவருக்கு யாரு?"

நான் என்ன சொல்வது? ஒன்பது வருஷம் பக்கத்து நாற்காலி என்றா? "ஒரே சங்கம்" என்று அவரே பதில் சொன்னார். அந்தப் பெண் முத்திரை குத்தி, வெள்ளிக்கிழமைக்குள் தண்ணீர் வரும், உடைந்த குழாயை அதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள் என்றாள்.

திரும்பி நடந்தோம். வழியெல்லாம் நான்தான் பேசினேன். குழாயைத் தம்பி மாற்றிவிடுவான், அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தை ரத்து செய்துவிடலாம், பெயர் எண் இல்லாமல் படிக்கிற விதியையும் தூக்கிவிட வேண்டும் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் தலையசைத்துக்கொண்டே வந்தார். சந்துமுனை வந்தது. அவர் நின்றார். நான் சொன்னேன், "நாளைக்குக் கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வரேன் சார்."

"எதுக்கு?" என்றார்.

குத்துவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். தீர்மானமா, கையெழுத்தா, ஏதாவது படிவம் விட்டுப்போனதா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சும்மாதான்" என்றேன்.

"சும்மாவா" என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். அடுத்தவர் முன்னால் அழக் கூடாது என்று முப்பத்தொரு வருஷம் பழகிய மனிதர். முகத்தைத் திருப்பிக்கொண்டு, சட்டைப் பையில் எதையோ தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் தேடினார். பையில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"அவ போனப்புறம் அப்படி யாரும் வந்ததில்ல" என்றார். பிறகு சந்துக்குள் நடந்தார். பாதி தூரம் போய், திரும்பி, நான் இன்னும் நிற்கிறேனா என்று பார்த்தார்.